கல்லும் சுண்ணமும்: தீவகத்துக் கட்டடங்களின் புறமேனி

கட்டடக் கலையின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அடித்தளத்தின் அமைப்பையும், தூண்களின் வடிவையும், கூரையின் தாங்குமுறையையுமே நோக்குவர். சுவரின் புறத்தே பூசப்பெறும் பூச்சு, காலத்துக்குக் காலம் மாறுவதொன்றாதலின், அது ஆராய்ச்சிக்கு உரியதன்று எனக் கருதப்படுவது வழக்கம். ஆனால் ஒரு கட்டடத்தைக் காண்பவன் முதலில் காண்பது அதன் புறமேனியையே. வெயிலும் மழையும் கடற்காற்றும் முதலில் தாக்குவதும் அதனையே. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எஞ்சியுள்ள பழைய கட்டடங்கள் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றன.

ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இத்தீவுகளில் மலையில்லை; கருங்கல் இல்லை; பெருமரக் காடுமில்லை. நிலத்தின் அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லும், கரையோரத்தில் முருகைக்கல்லும் கிடைக்கின்றன. மரத்தின் தேவையைப் பனை ஓரளவு நிறைவு செய்தது. எளியோர் மண்சுவரெழுப்பிப் பனையோலை வேய்ந்து வாழ்ந்தனர். நெடுநாள் நிற்கவேண்டிய கட்டடங்களுக்கோ முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே துணையாயின.

முருகைக்கல் கடல்வாழ் சிற்றுயிர்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த சுண்ணாம்புக் கூடு. அது பாரமற்றது, எடுப்பதற்கும் உடைப்பதற்கும் எளிது. ஆயினும் அதன் உடல் முழுதும் நுண்டுளைகள் நிறைந்தது. கரையிற் பொறுக்கிய துண்டுகள் ஒன்றுக்கொன்று வடிவொவ்வாதவை. கருங்கல்லைப் போலக் கூர்விளிம்புடன் அவற்றைச் செதுக்கி அடுக்குதல் அரிது. ஆகவே, இத்துண்டுகளைச் சுண்ணச் சாந்தில் இருத்தித் தடித்த சுவர்களாக எழுப்பி, மேடுபள்ளத்தைப் பூச்சினால் நிரவுவதே இங்கு வழங்கிய முறையாயிற்று.

அச்சுண்ணம் வந்ததும் அதே கல்லிலிருந்துதான். முருகைக்கல்லையோ சிப்பியையோ சூளையிலிட்டு ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடும்போது கரியமிலவாயு நீங்கி நீறாத சுண்ணாம்பு எஞ்சுகிறது. நீர் சேர்த்தால் அது கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணத்தை மணலுடன் குழைத்துச் சுவரில் அப்பினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடியும் சுண்ணக்கல்லாகவே இறுகுகிறது. எனவே, சுவரின் உடலும் அதன் மேனியும் பொருளால் வேறல்ல. இரண்டும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினவாதலின், ஒன்றையொன்று வருத்துவதில்லை.

சுதை பூசிச் சுவரை ஒளிரச் செய்யும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடை அரண்மனையைப் புனைந்துரைக்குமிடத்து, சுதை தீற்றிய சுவரின் வெண்மையைச் சிறப்பித்துக் கூறுகிறது. செட்டிநாட்டுத் தச்சரும் கொத்தரும் கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு முதலியன கலந்து பல படையாகப் பூசிக் கண்ணாடி போல் மெருகேற்றிய சுவர்கள் இன்றும் காணத்தக்கவை. தீவகத்துப் பூச்சு அத்துணைச் செல்வச் செழிப்புடையதன்று. எனினும் இரண்டும் ஒரே மரபின் கிளைகளே.

போர்த்துக்கேயரும், 1658ஆம் ஆண்டில் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் இப்பகுதியிற் கோட்டைகள் எழுப்பிய காலத்தில் கைக்கொண்டவை முருகைக்கல்லும் சுண்ணமுமே. யாழ்ப்பாணக் கோட்டையும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் என்னும் கடற்கோட்டையும், நெடுந்தீவுக் கோட்டையும் இவ்வகையின. ஐரோப்பியர் கொணர்ந்தது வரைபடம். கல்லும் நீறும் இந்நாட்டின. இங்கே பூச்சு ஒரு தோற்ற மாற்றத்தையும் நிகழ்த்தியது. கரையிற் பொறுக்கிய சிறுகற்களின் குவியலாகிய சுவர், வெண்பூச்சினால் மூடப்பெற்றதும், இணைப்பற்ற ஒரே பாறை போலத் தோன்றும். விளிம்புகள் நேராகும், நிழல் கூர்மையுறும், வெயிலில் வெண்மை நெடுந்தூரம் ஒளிவிடும். கடல்வழி வருவோர்க்கு அது ஆட்சியின் அடையாளமாகத் தோன்றியிருக்கும் என்பது ஊகித்தற்கு எளிது.

இதற்கு மாறான மற்றொரு மரபும் தீவகத்தில் உண்டு. நெடுந்தீவின் காணிகளைச் சூழ்ந்துள்ள கல்வேலிகளில் சாந்தும் இல்லை, பூச்சும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் செய்யும் தொழிலை, நெடுந்தீவில் வறிதே அடுக்கிய கற்கள் செய்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள துளைகள் வழியே கடுங்காற்று நுழைந்து செல்வதனால் வேலி சாய்வதில்லை. சரிந்தவிடத்து மறுநாளே கையால் எடுத்து அடுக்கிவிடலாம். அவ்வேலிகளின் சாம்பல் நிறமும் முரட்டு மேனியுமே அவற்றின் இயல்பான தோற்றம்.

ஆகவே, மூடப்படுதற்கென்று எழுந்தவையும், வெளிப்பட நிற்பதற்கென்று எழுந்தவையும் எனத் தீவகத்துக் கட்டுமானம் இருவகைப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாற்று மாணவனுக்கு இன்றியமையாதது. கோட்டைச் சுவரிற் பூச்சு உதிர்ந்து கல் தெரியும்போது, அக்கரடுமுரடான தோற்றமே பழைமையின் அழகென வந்து காண்போர் மகிழ்கின்றனர். ஆனால் கட்டியவர் ஒருபோதும் காணவிரும்பாத தோற்றம் அது. அவ்வழகு, தோலுரிந்த உடலின் புண்ணேயன்றி வேறன்று.

முருகைக்கல்லை மூடாமலே நிறுத்தும் அரிய கலையும் இந்துமாக் கடலில் வளர்ந்தது. மாலைதீவின் தலைநகர் மாலேயிலுள்ள வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் 1658ஆம் ஆண்டில், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாகிய அதே ஆண்டில், நிறைவெய்தியது. அங்குள்ள சிற்பிகள் கடலிலிருந்து பெரும் முருகைப் பாளங்களை ஈரத்துடன் வெட்டியெடுத்து, உலர்ந்து இறுகியபின் சாந்தின்றிப் பொருத்தி, முகப்பு முழுதும் பூவேலை செதுக்கினர். அச்செதுக்கு வேலையே அதற்கு மேனி. செங்கடற் கரையிலுள்ள ஜித்தாவின் பழைய மாடங்களோ தீவகத்துச் சுவர்களைப் போலவே முருகைக்கல்லின் மேற் சுண்ணம் பூசப்பெற்றவை. ஒரே பொருள், கொத்தனின் கருத்துக்கேற்ப இருவேறு முகங்கள் கொண்டதை இவை காட்டுகின்றன.

பூச்சு ஒருமுறை செய்து முடியும் வேலையன்று. வெள்ளையடித்த சுவர் மழையிற் கரையும். உப்புக் காற்றில் உதிரும். அதனால் தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தல் ஆண்டுதோறும் நிகழும் கடமையாயிற்று. கோயில்களுக்கோ ஆகம மரபு இதனையொரு நியதியாகவே வகுத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்காட்டும் வழக்கத்தால் கோபுரச் சுதையும் வண்ணமும் புதுப்பிக்கப்படுகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் படகில் வருவோர் தொலைவிலேயே கோபுரத்தின் வண்ணத்தைக் காண்பதற்கு இப்பேணல் மரபே காரணம். பேணுவார் இல்லாத கட்டடத்தின் நிலையை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்றே அறியலாம். நீர்நடுவே உள்ள கடற்கோட்டை, ஆங்கிலேயர் காலத்திற்குப் பின்னும் சிறையாகவும், இப்போது கடற்படையினர் நடத்தும் விடுதியாகவும் பயன்பாட்டிலிருந்தமையால் உருக்குலையாது நிற்கிறது. எதிர்க்கரையிற் போர்த்துக்கேயர் எழுப்பிய மற்றைய கோட்டையோ, கைவிடப்பட்டுச் செடிகொடி மூடிய கற்குவியலாயிற்று. கல் ஒன்றே, கடற்காற்றும் ஒன்றே, வேறுபட்டது மனிதர் பேணல் மட்டுமே.

இதே விதி குடிமக்களின் இல்லங்களுக்கும் நேர்ந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிய போர்க்கால இடப்பெயர்வினால் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதிகளில் எண்ணற்ற வீடுகள் வெறிச்சோடின. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் கை இல்லாதுபோகவே, முதலிற் பூச்சும், பூச்சின் பின் சாந்தும், சாந்தின் பின் சுவரும் வீழ்ந்தன. கூரையிழந்த சுவர் நெடுநாள் நில்லாமைக்கு மழைநீர் மேலிருந்து இறங்குவதே பெருங்காரணம்.

மீண்டு வந்தோர் பழைய சுவர்களைச் செப்பனிடக் கையாண்ட பொருள் பெரும்பாலும் சீமெந்து. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிப் போரினால் 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டது. ஆயினும் களிமண்ணுடன் கூட்டிப் பெருவெப்பத்திற் சுடப்பெற்ற அப்பொருள், சுண்ணப் பூச்சின் இயல்பை முற்றும் இழந்துவிடுகிறது. அது வன்மையானது, ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. நிலத்திலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் முருகைச் சுவருட் புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, பூச்சின் பின்னே உப்புப் படிகமாக வளர்ந்து, மென்மையான கல்லைப் பொடியாக்குகிறது. சிலகாலம் சுவர் புதிதெனத் தோன்றும். பின்னர்ப் பூச்சு தகடு தகடாகக் கழன்று, கல்லின் ஒரு பகுதியையும் உடன் கொண்டு வீழும். பழைய சுண்ணப் பூச்சு தான் தேய்ந்து கல்லைக் காத்தது. சீமெந்துப் பூச்சோ கல்லைத் தேயவிட்டுத் தான் நிற்கிறது.

பழைய முறைக்கு அப்படியே திரும்புதலும் இயல்வதன்று. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தலையும், சுடுதலையும், கொண்டுசெல்லுதலையும் தடைசெய்கிறது. இது நன்றே. தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்புக்காக முருகைப் பாறைகள் அழிக்கப்பட்ட இடங்களிற் கடலரிப்பு மிகுந்தமை பலரும் அறிந்தது. யாழ்ப்பாணக் கோட்டையைச் செப்பனிட முற்பட்டபோதும், புதிய முருகைக்கல் பெறுதற்கியலாமையால் இடிபாட்டுக் கற்களையே மீளப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆனால் கல் வேறு, சுண்ணம் வேறு. உள்நாட்டுச் சுண்ணக்கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணத்தினாற் பூச்சுச் செய்வதற்குச் சட்டத்தடையேதும் இம்முருகைத் தடையினால் எழுவதில்லை. வேண்டப்படுவது, நீற்றவும் குழைக்கவும் தீற்றவும் தெரிந்த கொத்தர். அவ்வறிவு ஏட்டில் எழுதி வைக்கப்படாதது. கையிலிருந்து கைக்கு வந்தது. ஒரு தலைமுறை விடுபட்டால் மறைவது.

ஆதலின், தீவகத்துப் பழங்கட்டடங்களைப் பேணப் புகுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா, இச்சுவர் மூடப்பட எழுந்ததா, வெளிப்பட எழுந்ததா என்பதே. நெடுந்தீவின் கல்வேலிக்குச் சாந்து பூசுதலும், கோட்டைச் சுவரை உரித்துக் கல்லைக் காட்டுதலும், ஒன்றுக்கொன்று எதிரான செயல்களாயினும், ஒரே பிழையின் இரு வடிவங்களாம். முன்னையது காற்றுக்கு வழியடைக்கும். பின்னையது கல்லை உப்புக் காற்றுக்கு இரையாக்கும். கொத்துத் தொழிலறிந்த முதியோர் சிலரேனும் உள்ளபோதே அவர்களிடம் கேட்டறிந்து, கலவையின் அளவையும் பூச்சின் படைகளையும் பதிவு செய்தல் இந்நாட்டு மாணவர்க்கு ஏற்றதொரு பணியாகும்.