மன்னரின் தலையில் ஒரு கட்டி

இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலைத்தோலில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய் அல்ல, தோலுக்கடியில் பை போல வளரும் சாதாரணக் கட்டிதான். 1821-ல் அதை அகற்றும் பொறுப்பு புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரிடம் வந்தது. அவரோ தயங்கினார். கட்டியை அறுத்தெடுப்பது அவருக்குப் பெரிய வேலையல்ல. பயமெல்லாம் அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான். காயத்தில் எரிசிபெலாஸ் என்னும் தொற்று பரவினால் தோல் சிவந்து வீங்கி, காய்ச்சல் கண்டு, உயிரே போகலாம். லிஸ்டர் தனது கிருமிநாசினி முறையை வெளியிட்டதே 1867-ல்தான். அதுவரை கத்தியைக் கழுவுவதுகூட மருத்துவரின் விருப்பம்! ஈதர் மயக்கமும் 1846-க்குப் பிறகே பரவியது. மன்னரானாலும் வலியைத் தாங்கியே ஆகவேண்டும். நல்லவேளையாகப் புண் ஆறியது. கூப்பருக்கு அதே ஆண்டில் பாரோனெட் பட்டம் கிடைத்தது.