முந்நூறு ரூபாய் கேட்டவர்கள்

1953-இல் இலங்கையில் கூப்பன் (பங்கீட்டு) அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. அந்த ஆகஸ்டில் வெடித்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவியையே பறித்தது. அதை ஜே.ஆர். மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

1977-இல் 168 இடங்களில் 140-ஐ வென்று ஆட்சிக்கு வந்தவர், நவம்பரில் திறந்த பொருளாதாரத்தை அறிவித்தார். ரூபாயின் மதிப்பு ஏறக்குறையப் பாதியானது. கடைகளில் வெளிநாட்டுச் சாமான் குவிந்தது. சம்பளக்காரனின் பை மெலிந்தது. 1978-இல் கூப்பன் அரிசி, மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. அடுத்த ஆண்டு அதுவும் உணவு முத்திரையாக மாறியது. விலை ஏறிக்கொண்டே போனது. முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் தொழிற்சங்கத்துக்காரர்கள் அதன் வாசலைத் தாண்டுவது குதிரைக்கொம்பாக இருந்தது.

1980 ஜூனில் தொழிற்சங்கங்கள் மறியலில் இறங்கின. ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் அடியாட்கள் பாய்ந்ததில் சோமபால என்ற ஊழியர் உயிரிழந்தார். ஜூலையில் பொது வேலைநிறுத்தம். கோரிக்கை: மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு.

ஜே.ஆர். பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பவில்லை. அவசரகாலச் சட்டத்தைப் போட்டார், அத்தியாவசிய சேவை உத்தரவை நீட்டினார். வேலைக்கு வராதவர்கள் 'தாமாகவே பதவி விலகியவர்கள்' ஆனார்கள். யாரும் பணிநீக்கம் செய்யப்படவில்லையாம்! இப்படிச் சுமார் 40,000 பேரின் வேலை போனது. சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

சங்கத் தலைவர்களின் கணக்கும் தப்பு. 1977-இல் இடதுசாரிகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். அவர் தலைமையிலான, மலையகத் தோட்டங்களின் மிகப் பெரிய சங்கம் அசையவில்லை. ஜே.வி.பி.யும் ஒதுங்கிக்கொண்டது. இந்த நிலையில் முழுமூச்சாக மோதியது துணிச்சல்தான், விவேகமல்ல.

ஜூன் மறியலில் பாய்ந்த அந்த அடியாள் படையை வழிநடத்திய சங்கத்தின் தலைவர் யார்? கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்தியூ. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் அந்த ஊரில்தான் இருந்தார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிலும் இதே சங்கத்து ஆட்கள் இருந்தார்கள். அதற்குள் தெருவில் இறங்கித் தடுக்கக்கூடிய தொழிற்சங்கம் எதுவும் கொழும்பில் மிஞ்சியிருக்கவில்லை.