அம்பு முனையிலிருந்து தமனிச் சுவருக்கு

கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்கோகாந்தெரா என்றொரு மரம். நம் அரளிக்கு உறவு. அதன் பட்டையையும் கட்டையையும் மணிக்கணக்கில் காய்ச்சினால் தார் போன்ற கருங்குழம்பு கிடைக்கும். கென்யாவின் வாட்டா வேடர்கள் அதை அம்பில் பூசி யானையையே வீழ்த்தினார்கள். இறைச்சியை அச்சமின்றி உண்ணவும் செய்தார்கள். இரத்தத்தில் கலந்தால் கொல்லும் இந்த நஞ்சு, குடல் வழியே மிகக் குறைவாகவே உடலில் சேரும்.

அம்பு நஞ்சுக்குச் சோமாலி மொழியில் வாபாயோ என்று பெயர். 1888இல் பிரெஞ்சு வேதியியலாளர் அர்னோ பிரித்தெடுத்த பொருள் அதே பெயரை ஏந்தி வாபெயின் ஆயிற்று. தளர்ந்த இதயத்துக்கு மருந்தாக ஊசியிலும் ஏறியது. ஆனால் அது உடலில் எதைப் பிடிக்கிறது என்பது நெடுங்காலம் புரியவில்லை.

1953இல் சுவிட்சர்லாந்தின் ஷாட்ஸ்மன், வாபெயினின் இனமான இதய கிளைக்கோசைடுகள் சிவப்பணுக்களில் சோடியம், பொட்டாசியம் போக்குவரத்தை நிறுத்துவதைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து டென்மார்க்கின் ஸ்கோ, நண்டுக்கால் நரம்பில் அந்தப் போக்குவரத்தை நடத்தும் நொதியைக் கண்டறிந்தார். வாபெயின் அதைத் தடுக்கிறதா என்று 1958இல் வியன்னா மாநாட்டில் அமெரிக்கரான போஸ்ட் கேட்க, ஸ்கோ தன் ஆய்வகத்தில் சோதிக்கச் சொன்னார். தடுத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: வேடனின் அம்பு நண்டின் நரம்பைத் தொட்ட இடம்.

அந்த நொதி ஒரு பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. வாபெயின் வெளிப்புறமிருந்து அதைப் பற்றிக்கொண்டால் செல்லுக்குள் சோடியம் தேங்கும். தமனிச் சுவரின் மென்தசையில் இதன் விளைவு நிதானமாக வெளிப்படும். அங்கே இன்னொரு வாயில் உண்டு. சோடியம் உள்ளே பாயும் வேகத்தைக் கொண்டே கால்சியத்தை வெளியே அனுப்பும் வாயில். உள்ளே சோடியம் ஏற ஏற அந்த வேகம் தளர்கிறது, கால்சியம் தங்கிவிடுகிறது, செல்லின் உட்கிடங்கும் நிறைகிறது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கைனேஸ் என்ற வகை நொதியொன்றைத் தூண்ட, அது சுருக்கும் இழையின் புரதமான மயோசினில் பாஸ்பேட்டை ஏற்ற, தசை சுருங்குகிறது. வாபெயின் சுருக்கும் இழைகளைத் தொடவே இல்லை. உப்புக் கணக்கை மாற்றியது, அவ்வளவுதான்.

தமனி சுருங்கினால் இரத்த அழுத்தம் ஏறும். உயர் இரத்த அழுத்தத்தின் ஒரு வேர் இந்தக் கணக்கில் இருக்கலாம் என்று ஆய்வாளர் பிளாஸ்டீன் 1977இல் எழுதினார். 1991இல் சக ஆய்வாளர் ஹாம்லினும் அவரும் சேர்ந்த குழு, மனித இரத்தத்திலேயே வாபெயினைக் கண்டதாக அறிவித்தது. அது உண்மையில் வாபெயின்தானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.