மணி கிடைத்த இடமும் கண்ணாடி பிறந்த இடமும்

முக்கூடலில் ஆற்றில் இறங்கி மணலை உள்ளங்கையில் அள்ளினால் வெயிலுக்கு மினுமினுக்கும். அந்த மினுமினுப்பில் மயங்கித்தான் சில வருடங்களுக்கு முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். தாமிரபரணி கடலில் சேரும் பக்கம் கொற்கை, அங்கே அகழாய்வில் கண்ணாடி மணிகள், ஆறு முழுக்க மணல். ஆகவே கண்ணாடியை இங்கேயே காய்ச்சியிருக்கிறார்கள் என்று. ஊர்க்காரங்க வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த 'ஆகவே' தப்பு.

கண்ணாடியில் இரண்டு தொழில் இருக்கிறது. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

முதல் தொழில், மணலைக் கண்ணாடியாக்குவது. சுத்தமான மணல் உருக 1700 டிகிரி வேண்டும். அந்தக் கால விறகு உலைக்கு அது எட்டாது. சோடா சேர்த்தால் 1000, 1100 டிகிரியிலேயே வேலை நடந்துவிடும். ரோமானியர்களுக்கு அந்த சோடா எகிப்தின் ஏரிப்படுகையிலிருந்து வந்தது. நம் பக்கம் அது தரையில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆச்சி காலத்தில் துணி வெளுத்தார்களே, அதே மண்தான். தென்னிந்திய மணலில் கிரானைட் வகைப் பாறை சிதைந்த துகள் அதிகம். அதனால் இந்தக் கண்ணாடியில் அலுமினா 5 சதவீதத்துக்கு மேல் போகும். ரோமானியக் கண்ணாடியில் 2, 3 தான். எங்கள் தொழிலில் பிழை எங்கே நடந்தது என்று லாக் ஃபைலைப் பார்ப்போம். இங்கே அழுக்குதான் லாக் ஃபைல்.

இரண்டாவது தொழில், கண்ணாடிக் கட்டியை மறுபடி உருக்கி மணியாக்குவது. குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, சூடேற்றி முனை மழுக்குவார்கள். அரிக்கமேட்டில் இதுதான் நடந்தது. திருப்பதி பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை செய்தார்கள். பழனி பக்கத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது மணி செய்யும் உலையே கிடைத்தது.

இந்த இரண்டாவது தொழிலுக்கு ஊர் மணல் தேவையே இல்லை. கட்டி கப்பலில் வரலாம். துருக்கிக் கரையோரம் உலுபுருனில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில் சுமார் 175 கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. அப்படியிருக்க, கொற்கையில் மணி கிடைத்தால் அங்கே மணி இருந்தது என்றுதான் அர்த்தம். காய்ச்சினார்கள் என்று சொல்ல, பாதி உருகி நின்றுபோன மணற்கலவையோ கண்ணாடி ஒட்டிய பெரிய உலைச்சுவரோ வேண்டும்.

அப்படிப்பட்ட சான்று கிடைத்த இடம், மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடமேற்கில் கிரிபாவ. சுமார் 2000 வருடப் பழமை. அங்கே காய்ச்சியதும் இதே அலுமினா மிகுந்த கண்ணாடிதான்.

இதைச் சொன்னதும் மச்சான் கேட்டான்: "அப்ப நம்ம ஆத்து மணலுக்கு ஒரு மதிப்பும் இல்லியால?" இருக்குடே, ஆனா மணல் மட்டும் சாட்சி ஆகாது என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. பழைய கட்டுரையில் அந்த வரியை நான் அழிக்கவில்லை, குறுக்கே கோடு மட்டும் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போனது கோடில்லாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.