கைநகப் பராமரிப்பு

கைநகப் பராமரிப்பு அல்லது மெனிக்யூர் என்பது கைவிரல் நகங்களையும் அவற்றைச் சூழ்ந்த தோலையும் தூய்மை செய்து, வடிவமைத்து, மெருகூட்டும் அழகுக்கலைப் பணி ஆகும். கால்களுக்குச் செய்யப்படும் இதே பணி பெடிக்யூர் எனப்படுகிறது. மெனிக்யூர் என்னும் சொல், கை, பராமரிப்பு ஆகிய பொருள்களைத் தரும் இரு இலத்தீன் சொற்களிலிருந்து தோன்றியது. தமிழ்நாட்டு அழகு நிலையங்களில் பெரும்பாலும் இச்சொல்லே வழங்குகிறது. எளிய ஒப்பனை வேலையாகக் கருதப்பட்டாலும், கூரிய கருவிகளும் வேதிப்பொருட்களும் தோலின் ஒரு முக்கியமான அரணுக்கு மிக அருகில் பயன்படுத்தப்படுவதால், இத்தொழிலில் நலவியல் அறிவு இன்றியமையாதது.

== நகத்தின் அமைப்பு ==

நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் கடினமான தட்டு இறந்த உயிரணுக்களின் அடுக்கு ஆகும். நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் நகமூலத்திலேயே வளர்ச்சி நிகழ்கிறது. சிலருக்குக் கட்டைவிரலில் வெண்பிறை போலத் தெரிவது இந்த நகமூலத்தின் வெளிப்பகுதியே. கைநகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழுமையாகப் புதிய நகம் தோன்ற ஆறு மாதங்கள் வரை ஆகலாம். கால்நகத்திற்கு ஓராண்டுக்கு மேல் தேவைப்படும். நகத்தட்டு அதன் அடியிலுள்ள படுக்கையோடு இறுகப் பிணைந்துள்ளது. 'நகமும் சதையும் போல' என்று நெருங்கிய உறவைக் குறிப்பது இதனாலேயே.

நகத்தின் அடிப்பகுதியில் இருவேறு பகுதிகள் உள்ளன. ஒன்று, நகத்தட்டின் மீது மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த படலம். மற்றொன்று, அதற்குப் பின்னால் உள்ள உயிருள்ள தோல் மடிப்பு. படலமும் மடிப்பும் சேர்ந்து, நகமூலத்திற்குள் நீரும் கிருமிகளும் புகாதவாறு அடைத்து வைக்கின்றன. அழகு நிலையங்களில் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் 'கியூட்டிகிள்' என்ற ஒரே பெயரால் அழைத்து, இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடும் வழக்கம் உண்டு. இத்தொழிலில் நேரும் தொற்றுகளில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

== செய்முறை ==

முதலில் பழைய நகப்பூச்சு அசிட்டோன் போன்ற கரைப்பானால் நீக்கப்படுகிறது. பின்னர் நகம் வெட்டப்பட்டு அரத்தால் வடிவமைக்கப்படுகிறது. அரத்தை முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே திசையில் தேய்த்தால் நகநுனி பிளவுபடுவது குறையும். விரல்கள் இளஞ்சூடான சவர்க்கார நீரில் சில நிமிடங்கள் ஊறவைக்கப்படுகின்றன. மென்மையான படலம் மரக்குச்சியால் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கைகளை எண்ணெய் அல்லது களிம்பிட்டுப் பிடித்துவிட்ட பின், நகத்தின் மேலுள்ள எண்ணெய்ப் பசை துடைக்கப்பட்டு, அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு இருமுறை, மேற்பூச்சு என்ற வரிசையில் பூசப்படுகிறது.

ஊறவைத்தலில் ஒரு சிக்கல் உள்ளது. நகத்தட்டு நீரை உறிஞ்சி விரிவடைகிறது. அதன்மீது பூசிய பூச்சு, நகம் உலர்ந்து சுருங்கும்போது விரைவில் பெயர்ந்துவிடும். எனவே நீரில் ஊறவைக்காத 'உலர் மெனிக்யூர்' முறையையும் பலர் பின்பற்றுகின்றனர். படலத்தை வெட்டாமல் விடுமாறே தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். வெட்டினால் கை அழகாகத் தெரிவது சில நாட்களுக்கே.

== தமிழ்நாட்டில் ==

பிறரது நகத்தைத் திருத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஊர்களில் முடிதிருத்துவோரே சிறிய உளி போன்ற கருவியால் நகமும் களைந்து வந்தனர். இதற்கான கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்தில் தானியமாகவே அளக்கப்பட்டது. மருத்துவர் என்றும் அழைக்கப்படும் இச்சமூகத்தின் ஆண்கள் சிறு காயங்களுக்கு மருந்திடுவதும், பெண்கள் பேறுகாலம் பார்ப்பதும் வழக்கமாயிருந்தன. இத்தனை பணிகளைச் செய்தும், உடற்கழிவைத் தொடுவதால் அவர்கள் தாழ்வாகவே நடத்தப்பட்டனர். இன்று அதே நகக்களைவு குளிரூட்டப்பட்ட அறையில், சான்றிதழ் பெற்றவர் செய்யும் சேவையாகியுள்ளது. பெயரும் கட்டணமும் மாறிய அளவுக்குத் தொழிலாளரின் நிலை மாறியதா என்பது தனியே ஆராயத்தக்கது.

நகத்திற்கு நிறமூட்டும் பழைய முறை மருதாணி ஆகும். அரைத்த இலையை விரல்நுனியில் தொப்பி போல வைத்துக் கட்டுவர். இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமி கெரட்டினோடு பிணைவதால், உள்ளங்கையில் ஓரிரு வாரங்களில் மங்கும் நிறம் நகத்தில் அது வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கிறது. கடைகளில் 'கருப்பு மருதாணி' என விற்கப்படுவது வேறு. அதில் தலைச்சாயங்களில் உள்ள பாரா-பினைலீன்டைஅமீன் கலக்கப்பட்டிருக்கலாம். அது தோலில் கொப்புளங்களை உண்டாக்கக்கூடும்.

இந்தியத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் கைநக, கால்நகப் பராமரிப்பாளருக்கான பயிற்சி வரையறுக்கப்பட்டுள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களின் அழகுக்கலைப் பிரிவிலும் இது கற்பிக்கப்படுகிறது. ஆனால் அமெரிக்க மாநிலங்களில் உள்ளது போன்ற கட்டாயத் தனிநபர் உரிமம் இந்தியாவில் இல்லை. பூச்சுகளைத் தயாரிப்போர் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவற்றைப் பூசுபவரின் தகுதியை அவ்விதிகள் கேட்பதில்லை.

== தூத்துக்குடிக் கடற்கரையில் ==

தூத்துக்குடி மாநகரின் மில்லர்புரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில், திருமணத்திற்கு முந்தைய ஒப்பனையின் ஒரு பகுதியாக மெனிக்யூர் செய்துகொள்ளப்படுகிறது. அதே நகரத்தின் உப்பளங்களிலும் மீன் பதனிடும் கூடங்களிலும் உழைக்கும் பெண்களின் கைகளுக்கே நகப் பராமரிப்பு உண்மையில் மிகுதியாகத் தேவை எனலாம். உப்பளத்தில் நீர் ஏறத்தாழ 25 போமே பாகை அடர்த்தியை எட்டும்போது உப்பு படிகிறது. இந்த அடர்நீர் தோலின் ஈரத்தை உறிஞ்சி வறட்சியையும் வெடிப்பையும் உண்டாக்குகிறது. உப்புப் படிகங்களின் கூர்முனைகள் வெடிப்புகளை மேலும் கீறுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை உற்பத்தி நீடிப்பதால், புண் ஆற இடைவெளி கிடைப்பது அரிது. இறால் உரிப்போரின் விரல்களோ பனிக்கட்டி நீரில் மணிக்கணக்கில் நனைந்திருக்கின்றன. இடைவிடாத ஈரம் நக மடிப்பைத் தளர்த்தி, நாட்பட்ட நகச்சுற்றுக்கு வழிவகுக்கிறது.

நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வது பரவலான வீட்டு வைத்தியம். தொடக்க நிலையில் வெந்நீர் ஒத்தடம் போதுமானதாக இருக்கலாம். சீழ் கட்டினால் மருத்துவரே அதை வெளியேற்ற வேண்டும். உழைக்கும் கைகளுக்குச் செய்யத்தக்கவை எளியவை: வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவுதல், விரலிடுக்குகளை உலர்த்துதல், தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவுதல், நகத்தைக் குட்டையாகவும் நேராகவும் வெட்டுதல்.

முத்துநகர் எனப்படும் தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. முத்துப்போல் மின்னும் நகப்பூச்சில் முத்து இருப்பதாகச் சிலர் கருதுகின்றனர். அம்மினுமினுப்பு மீன் செதில்களிலிருந்து பெறப்பட்ட குவானின் படிகங்களால் உண்டாக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் போலி முத்து செய்யப் பயன்பட்ட அதே பொருள் இது. இப்போது பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மைக்காத் தூள் பயன்படுகிறது.

== தொற்றும் தூய்மையும் ==

ஒருவருக்குப் பயன்படுத்திய உலோகக் கருவியைச் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அழுத்தக் கொப்பரையில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடங்கள் வைப்பது நம்பகமான முறை. பல நிலையங்களில் காணப்படும் நீல விளக்குப் பெட்டி கருவிகளைச் சேமிக்க உதவுமேயன்றி, கிருமிகளை முழுமையாக அழிக்காது. அட்டை அரம், மரக்குச்சி ஆகியவை நுண்துளைகள் கொண்டவை என்பதால் ஒருவருக்கே உரியவை. ஈரல் அழற்சி-பி தீநுண்மம் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியும் போதும்.

2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஒரே அழகு நிலையத்தில் கால்நகப் பராமரிப்பு செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஆறாப் புண்கள் தோன்றின. கால் ஊறவைக்கும் தொட்டிகளின் வடிகட்டிகளுக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் அழுக்கிலும் ஒருவகை மைக்கோபாக்டீரியா வளர்ந்திருந்ததே காரணம். தொட்டியின் வெளிப்புறம் தூய்மையாகவே இருந்திருக்கலாம்.

== தொழிலாளர் நலம் ==

வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் முகரும் ஆவியைப் பராமரிப்பாளர் நாள் முழுவதும் முகர்கிறார். செயற்கை நகங்களிலும் ஜெல் பூச்சுகளிலும் உள்ள அக்ரிலேட்டுகள் தோலில் பட்டால் நிலையான ஒவ்வாமை உண்டாகலாம். அவ்வாறு உண்டானால், பிற்காலத்தில் பல் அடைப்பு, எலும்புச் சிமெந்து போன்ற மருத்துவப் பொருட்களும் ஒவ்வாமல் போகக்கூடும். மெல்லிய நைட்ரைல் கையுறையையும் அக்ரிலேட்டு சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதால், அதில் பட்டவுடன் கையுறையை மாற்ற வேண்டும். ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்னும் வேதிப்பொருளை அழகுசாதனங்களில் பயன்படுத்த 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சன்னலைத் திறந்து வைப்பதும், மேசையருகே காற்றை வெளித்தள்ளும் விசிறி பொருத்துவதும் செலவு குறைந்த பாதுகாப்புகள்.

== நகம் காட்டும் நோய்க்குறிகள் ==

பராமரிப்பாளர் நோயறிபவர் அல்லர்; ஆயினும் பலரது நகத்தை நெருங்கிப் பார்ப்பவர் அவரே. கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைபாட்டையும், விரல்நுனி பருத்து நகம் வளைவது நுரையீரல் அல்லது இதய நோயையும் குறிக்கலாம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கரும்பட்டை அரிதாகத் தோல் புற்றுநோயாக இருக்கலாம். இத்தகைய நகத்தைப் பூச்சிட்டு மறைக்காமல் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. அறுவைச் சிகிச்சைக்கு முன் நகப்பூச்சை நீக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவி நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி அளப்பது, கருமை, நீலம் போன்ற அடர்நிறங்கள் அந்த அளவைப் பிழையாக்கக்கூடும்.