‘சாபவிமோசனம்’ எதிர்கொண்ட வாசக எதிர்ப்பு: மறுபுனைவின் உரிமையும் மரபின் மனத்தாங்கலும்

ஆய்வுச்சுருக்கம்

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943ஆம் ஆண்டு கலைமகள் இதழில் வெளியாகிக் கண்டனத்திற்கு உள்ளானது. அக்கண்டனத்தின் பின்புலத்தையும் ஆசிரியர் அதனை எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் காவியத்தின் ஒரே இடர்ப்பாட்டையே வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டனர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், ராஜாஜி, அகலிகை, மறுபுனைவு, வாசக எதிர்வினை.

முன்னுரை

பலரும் நேசிக்கும் ஒரு கதையை எடுத்து மாற்றி எழுதுபவன், அக்கதையைத் தமதாகக் கருதும் வாசகரின் சினத்தையும் சேர்த்தே ஏற்கின்றான். நவீனத் தமிழில் இதற்குச் சிறந்த சான்று அகலிகை கதையாகும். 1934இல் மணிக்கொடியில் புதுமைப்பித்தன் எழுதிய ‘அகல்யை’, சபிக்காத கோதமனைக் காட்டியது. அக்கதையில் இந்திரனும் மன்னிக்கப்படுகின்றான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘சாபவிமோசனம்’ இராமனின் அறத்தையே வினாவிற்கு உட்படுத்தியது. சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகின்றாள்.

மூலம் என்பது ஒன்றா?

மூலக்கதை சிதைக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு, மூலம் ஒன்றே எனக் கொள்கின்றது. வான்மீகியின் பால காண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றை உண்டு சாம்பலிற் கிடக்கின்றாள். வந்தவன் இந்திரன் என அறிந்தே இசைகின்றாள். உத்தர காண்டமோ அவள் வஞ்சிக்கப்பட்டதாகக் கூறுகின்றது. கம்பரில் அவள் கல்லாகி, இராமனின் திருவடித் துகளால் உருப்பெறுகின்றாள். ஆகவே, புதுமைப்பித்தனின் மாற்றம் மரபிற்கு அயலான செயலன்று. மரபு தன்னளவில் செய்துவந்ததன் தொடர்ச்சியே அது.

காலச்சூழல்

எதிர்ப்பின் கூர்மையைக் காலம் விளக்குகின்றது. அதே 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக்கல்லூரியில் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்பது குறித்து அண்ணாதுரையும் ரா.பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் நிகழ்த்தினர். இராமகாதை பற்றிய எந்தச் சொல்லும் அரசியற் சார்பாக வாசிக்கப்பட்ட சூழல் அது. இந்நிலையில், கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக விளங்கிய மயிலாப்பூர்க் கலைமகளில் இக்கதை வந்தது கவனத்திற்குரியது. எதிர்முகாமின் ஏட்டில் வந்திருந்தால் எளிதில் ஒதுக்கப்பட்டிருக்கும். மரபறிந்தோர் விரும்பிப் படித்த இதழில் வந்ததால் அது வீட்டிற்குள் எழுந்த வினாவாயிற்று. கண்டித்தவர்களுள் ராஜாஜி முதன்மையானவர்.

ஆசிரியரின் எதிர்கொள்ளல்

புதுமைப்பித்தன் எதிர்ப்பை முன்னரே எதிர்பார்த்தார். இராமாயணம் பயின்றோர்க்குக் கதை பிடிக்காமற் போகலாம் என்றும், தாம் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும் கதையின் தலைக்குறிப்பிலேயே உணர்த்தினார். ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில், பிறர் அளவுகோலுக்குள் தம் கதைகள் அடங்காவிடில் தாம் பொறுப்பல்லர் என எள்ளலோடு கூறினார். இவ்விரண்டிலும் விளக்கமோ மன்னிப்போ இல்லை. வாசகரின் மனத்தாங்கலை அவர் மறுக்கவுமில்லை. அதனைத் தீர்ப்பாக ஏற்கவுமில்லை.

கண்டித்தவரின் மறுகூறல்

தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி 1954 முதல் கல்கி இதழில் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடரை எழுதினார். அந்நூல் 1958ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி பரிசினைப் பெற்றது. அதில் உத்தர காண்டத்தை அவர் விரித்துரைக்கவில்லை. சீதை கைவிடப்பட்ட பகுதியை விட்டு முடிசூட்டோடு நிறுத்துவதும் ஒரு தேர்வே. புதுமைப்பித்தன் சீதைக்கு நேர்ந்ததைக் கதையின் நடுவில் வைத்தார்; ராஜாஜி அதன் பிற்பகுதியைக் கதைக்கு வெளியே நிறுத்தினார். இருவர் செயலும் அவ்விடம் இடருடையது என்பதற்குச் சான்றாகின்றன. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் இதனைக் காணவில்லை.

முடிவுரை

வாசகரின் மனத்தாங்கல், கதை உரிய இடத்தைத் தொட்டது என்பதற்கான ஆதாரமாகலாம். கதை எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பதற்கான ஆதாரமாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே மறுபுனைவு குறித்த நம் விவாதங்களைச் சினத்தில் முடிக்கின்றது. கண்டனங்களை ஆசிரியரின் வெற்றி தோல்விக் கணக்கில் சேர்க்காமல், மரபு தன் இடர்ப்பாடுகளை அடையாளங்காட்டும் ஆவணங்களாக வாசிப்பது இலக்கிய வரலாற்றிற்குப் பயன்தரும்.