கண்ணுக்குத் தெரிந்த வாயும் தெரியாத நுரையீரலும்: அலிபிரியை முன்வைத்து ஒரு நோய் வரலாறு

திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் அனைத்தும் அலிபிரி சோதனைச் சாவடியில் நிறுத்திச் சோதிக்கப்படுகின்றன. மது, இறைச்சி ஆகியவற்றைப் போலவே பீடி, சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களுக்கும் மலைமேல் அனுமதி இல்லை. அதே அலிபிரியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில், டாட்டா அறக்கட்டளையின் முயற்சியால் ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனை எழுந்துள்ளது. 2018 ஆகஸ்ட் 31 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 மே 5 அன்று அது திறக்கப்பட்டது. புகையிலையைத் தடுக்கும் சாவடியும் அதனால் வரும் நோயைச் சந்திக்கும் மருத்துவமனையும் ஒரே மலையடிவாரத்தில் அமைந்துவிட்டன. ஆயினும் இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது. இதற்கான காரணத்தை மருத்துவ வரலாற்றில் தேட வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவில் புற்றுநோய் பற்றிய ஆய்வு வாயிலிருந்தே தொடங்கியது எனலாம். திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவர், வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவோரிடையே காணப்பட்ட வாய்ப்புற்று குறித்து 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஆந்திரக் கடலோரத்தில், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைக்கும் பெண்களிடம் காணப்பட்ட மேலண்ணப் புற்றும் பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. இவ்விரண்டுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கொளியில் பார்த்தாலே புண் தெரியும். நோயாளியின் பழக்கத்தையும் அவர் நோயையும் மருத்துவர் ஒரே பார்வையில் தொடர்புபடுத்த முடிந்தது.

நுரையீரலுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1912இல் ஐசக் அட்லர் நியூயார்க்கில் இந்நோய் பற்றித் தனிநூல் எழுதியபோது, உலக மருத்துவ இலக்கியம் முழுவதிலிருந்தும் அவரால் திரட்ட முடிந்தவை சில நூறு நோயாளிகளின் பதிவுகளே. இவ்வளவு அரிய நோய்க்கு ஒரு நூல் தேவையா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. இயந்திரத்தில் சுருட்டப்பட்ட சிகரெட் பரவிச் சில பத்தாண்டுகள் கழிந்த பின்னரே நிலைமை மாறியது. 1950இல் பிரிட்டனில் டால், ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைத் தனித்தனி ஆய்வுகளில் நிறுவினர்.

இந்தியாவில் அந்த அறிவு சட்டமாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்ற சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே புகையிலை வணிகத்தை வளர்க்கும் வாரியம் குண்டூரில் அமைந்தது. விரிவான கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இலும், பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 அன்றும், படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009இலும் வந்தன.

2016இல் மைய அரசு வகுத்த பொதுமக்கள் பரிசோதனை நெறிமுறை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை மட்டுமே உள்ளடக்கியது. மூன்றும் எளிய கருவிகளுடன் கண்ணாலும் கையாலும் அறியத்தக்கவை. நுரையீரல் அப்பட்டியலில் இடம்பெறாமைக்குக் காரணம் மறதி அன்று. 1970களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, புகைப்பழக்கம் உள்ள ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தது. இறப்பு குறையவில்லை. 2011இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வுதான் முதன்முதலாக நம்பிக்கை தந்தது. நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்த, 55 முதல் 74 வயது வரையிலான 53,000க்கு மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் ஆண்டுதோறும் எடுக்கப்பட்டவர்களிடையே நுரையீரல் புற்றால் நேர்ந்த இறப்பு, எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களைவிட 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஸ்கேனில் ஐயத்துக்குரியதாகத் தெரிந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்று அல்ல என்பதும் தெரியவந்தது.

அம்முறையை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் இங்குதான் சிக்கல் எழுகிறது. காசநோய் விட்டுச்சென்ற தழும்புகள் நுரையீரலில் மிகுந்த நாடு இது. நிழல்கள் அனைத்தையும் ஐயுற்றால் தேவையற்ற ஊசியும் அறுவையும் பெருகும். இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. நீடித்த இருமல், சளியில் இரத்தம், எடை இழப்பு, மார்பு வலி ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். சளியில் கிருமி காணப்படாத நிலையிலும் எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பிக் காசநோய் மருந்து தொடங்கப்படுவதும், மாதங்கள் கடந்தபின் அது புற்று எனத் தெரியவருவதும் இந்திய மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. பீடி, சிகரெட்டைத் தொட்டறியாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், இன்னும் எளிதில் கவனத்திலிருந்து நழுவுகின்றனர். இந்நோயாளிகளில் புகைக்காதவர்களும் கணிசமானோர். வெளிக்காற்று மாசு புற்றுநோய்க் காரணி என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது.

எனவே இந்தியச் சூழலில் முன்கூட்டியே கண்டறிதல் என்பது முதன்மையாகக் காலத்தே ஐயுறுதலைப் பொறுத்தது. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்வது காசநோய்த் திட்டத்தின் விதி. கிருமி இல்லையெனினும், மருந்தால் நிழல் குறையவில்லையெனினும் அடுத்த படியாகச் சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தாமதமின்றி நிகழ வேண்டும். சளியில் இரத்தம் தென்பட்டால் காத்திருத்தல் கூடாது.

அலிபிரியிலிருந்து மேலேறும் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. சாவடியில் பையிலிருந்து எடுக்கப்படும் பீடிக்கட்டு, மலையிறங்கியதும் பலர் கைக்கு மீண்டும் வந்துவிடுகிறது. புகைப்பதை நிறுத்திப் பத்தாண்டுகள் ஆனவர் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு, தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எந்த ஸ்கேனும் இதுவரை காட்டியதைவிட இது பெரிய பயன். மலைமேல் தங்கும் சில நாள்களின் விலக்கைக் கீழேயும் நீட்டிக்கத் துணைபுரியும் ஆலோசனை ஒன்று அந்தச் சாவடியருகிலேயே கிடைக்குமானால், ஒரே அடிவாரத்தில் நிற்கும் சாவடிக்கும் மருத்துவமனைக்கும் இடையே பொருளுள்ள ஒரு தொடர்பு உருவாகும்.